லேப்டாப்பில் வைஃபை தகராறு: கேபிளா, டாங்கிளா, புது கார்டா, புது ரவுட்டரா?

லேப்டாப்பில் நெட் விட்டு விட்டு வருகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் நேராகப் புது ரவுட்டர் தேடப் போய்விடுகிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் போட்டு வாங்கிய பிறகும் அதே லேப்டாப் அதே இடத்தில் அதே மாதிரி திணறுகிறது. ரவுட்டரின் மேல் குற்றமே இல்லாத வீடுகளில் இதுதான் நடக்கும். அதனால் எதை வாங்கலாம் என்ற ஒப்பீட்டுக்குப் போவதற்கு முன், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதற்குப் பைசா செலவில்லை, கால் மணி நேரம் போதும்.

லேப்டாப் வைத்து வேலை செய்யும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் போனை அதே வைஃபையில் இணைத்து ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். போன் நன்றாக ஓடி லேப்டாப் மட்டும் தடுமாறினால் கோளாறு லேப்டாப்பில். இரண்டுமே தடுமாறினால் ரவுட்டர், அது இருக்கும் இடம், அல்லது வெளியிலிருந்து வரும் லைன்.

லைனா வைஃபையா என்று பிரிக்க பிங் இருக்கிறது, அதாவது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் கட்டளை. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) தொடர்ச்சியாக பிங் போட்டு, இரண்டு நிமிடம் திரையைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று சீராக வந்தால் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே பிரச்சினை இல்லை. அப்போதும் இணையப் பக்கங்கள் திறக்காவிட்டால் இன்டர்நெட் கம்பெனிக்கு போன் போட வேண்டியதுதான். 3, 4 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 380, 900 என்று எகிறி, நடுவில் டைம்டு அவுட் என்றும் வந்தால் காற்றில்தான் சிக்கல். மீட்டிங்கில் உங்கள் குரல் உடைந்து உடைந்து கேட்பதாகச் சொல்கிறார்களே, அது இந்த எகிறல்தான். ஸ்பீடு டெஸ்டில் 80, 90 காட்டிக்கொண்டே மீட்டிங் கெடுவதும் இதனால்தான்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும், பலர் இதைப் பார்ப்பதே இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து கீழே வாருங்கள். லிங்க் ஸ்பீடு, நெட்வொர்க் பேண்ட், சேனல் என்று வரிசையாக இருக்கும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ், 72 எம்பிபிஎஸ் என்று இருந்தால், உங்கள் லேப்டாப் ஒரே ஆன்டெனாவோடு வைஃபை 4 என்ற பழைய தலைமுறை வைஃபையில் பேசுகிறது என்று அர்த்தம். 72 என்பது அதன் உச்சம். கைக்கு வருவது அதில் பாதி, நல்ல சூழலில் கொஞ்சம் கூடுதல். நீங்கள் 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும், 300க்குக் கட்டினாலும் இந்த லேப்டாப்பில் முப்பது நாற்பதைத் தாண்டாது. 433 என்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஆன்டெனா, வைஃபை 5. 866 என்றால் இரண்டு ஆன்டெனா. 1201 என்றால் இரண்டு ஆன்டெனா வைஃபை 6. விலை குறைந்த லேப்டாப்புகளில் ஒற்றை ஆன்டெனா கார்டுதான் அதிகம். பெட்டியில் பிராசஸர் பெயரும் ரேம் அளவும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், வைஃபை கார்டு என்னவென்று போட்டிருக்க மாட்டார்கள். வாங்கும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது.

சரி, கோளாறு லேப்டாப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் செலவில்லாத வழி. இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். லேப்டாப்பை ஷட்டவுன் செய்து திறப்பதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் செய்தாலும் டிரைவர்களின் (வைஃபை கார்டு போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களின்) நிலை அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். அடுத்து, டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்த டிவைஸை அணைக்கலாம் என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். சில லேப்டாப்புகளில் அந்தப் பகுதியே இருக்காது, இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் நெட் போய்விடுகிறது, பேட்டரியில் ஓடும்போது மட்டும் கட் ஆகிறது என்பவர்களுக்குப் பல நேரம் இது ஒன்றே போதும்.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தோ, கார்டு இன்டெல் என்றால் இன்டெல் தளத்திலிருந்தோ எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம் என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை தவறான டிரைவரைத் திணிப்பதும், கூடவே விளம்பரங்களைக் கொண்டுவருவதும் சகஜம். ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தகராறு தொடங்கியது என்றால் புதியதைத் தேட வேண்டாம், டிவைஸ் மேனேஜரிலேயே ரோல் பேக் கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். புது ரவுட்டர் வந்த பிறகு போனில் தெரியும் வைஃபை பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லையா? சில பழைய இன்டெல் கார்டுகளில் பழைய டிரைவர் இருந்தால் வைஃபை 6 ரவுட்டரின் பெயரே கண்ணில் படாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரிந்துவிடும். பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால், ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் பழைய கார்டுகளும் சேர்ந்துகொள்ளும்.

வைஃபை ஐகானே காணாமல் போய், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்று வந்தால், சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை அணைத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு திறந்து பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து கார்டு மறுபடி எழுந்துகொள்வது உண்டு. நெட்வொர்க் ரீசெட் என்பதைக் கடைசியாக வையுங்கள். அது சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டையும் அழித்துவிடும், ஆபீஸ் விபிஎன்னை மறுபடி நிறுவ வேண்டி வரலாம். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம்.

நெட்டே இல்லாத லேப்டாப்பில் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. டிரைவர் இறக்க மட்டுமல்ல, நாளைக் காலை இன்டர்வியூ இருக்கிறது, இன்றிரவு வைஃபை செத்துவிட்டது என்ற நிலைமைக்கும் இது கைகொடுக்கும்.

ஒரு மாலை இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால் இனி பணம் போட வேண்டிய இடத்துக்கு வருகிறோம். லேப்டாப் பக்கம் மூன்று வழிகள்: கேபிள், டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர்), உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவது.

மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு என் ஓட்டு கேபிளுக்குத்தான். வைஃபையில் பக்கத்து வீட்டு ரவுட்டர், உங்கள் டிவி, நாலு போன் எல்லாம் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். கேபிளில் அந்தக் காத்திருப்பு இல்லை. முன்னே சொன்ன பிங்கைக் கேபிளில் போட்டுப் பாருங்கள், ஒரு மில்லிசெகண்ட் அல்லது அதற்கும் குறைவு, மணிக்கணக்கில் அசையாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், ஆன்லைனில் தேர்வு எழுதும் பிள்ளைகள், பங்குச் சந்தையில் இருப்பவர்கள் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம் என்பேன்.

லேப்டாப்பில் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை) இருந்தால் கேபிள் விலை மட்டும்தான். மெல்லிய லேப்டாப்புகளில் போர்ட் இருக்காது, யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்க வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகை உண்டு. யூஎஸ்பி 2.0 அடாப்டர் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும், யூஎஸ்பி 3.0 ஜிகாபிட் அடாப்டர் உங்கள் பிளான் முழுவதையும் தரும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய், ஜிகாபிட்டே வாங்குங்கள். கேபிள் கேட் 5இ அல்லது கேட் 6, எது கிடைத்தாலும் வீட்டுக்குப் போதும், 100 மீட்டர் வரை போகும். ஆனால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் கடைகளில் நிறைய உலவுகிறது. முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். கதவுக்கு அடியில் போக வேண்டியிருந்தால் பட்டையான கேபிள் இருக்கிறது. வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாது என்பவர்கள் தரையோரமாக அதை ஒட்டிக் கொண்டுபோகலாம்.

சோபாவில், கட்டிலில், மொட்டை மாடியில் என்று லேப்டாப்போடு இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்குக் கேபிள் சரிவராது. அவருக்கு டாங்கிளா, கார்டு மாற்றமா என்பதே உண்மையான கேள்வி.

டாங்கிளின் பெரிய பலம், லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். வாரன்டி பற்றிக் கவலை இல்லை. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், லேப்டாப் மாற்றினால் கூடவே எடுத்துப் போகலாம். ஆனால் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகத்தளவு டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். உங்கள் பழைய கார்டின் அதே தலைவிதியை மறுபடி வாங்குகிறீர்கள். டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் பேசுவது) என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏசி600 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 433, ஏசி1300 என்றால் 867. 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு ஏசி600 போதும், அதற்கு மேல் கட்டுபவர்கள் ஏசி1300க்குப் போகலாம். சுமார் ஆயிரம் ரூபாயை ஒட்டி முதல் வகையும் அதற்குக் கொஞ்சம் மேலே இரண்டாவதும் கிடைக்கின்றன. சின்னஞ்சிறு டாங்கிளை விட, நிமிர்த்தி வைக்கக்கூடிய ஆன்டெனா உள்ளது தூரத்து அறைக்கு நல்லது. நாள் முழுக்க ஓடும்போது சின்னது நன்றாகச் சூடேறும்.

டாங்கிளைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் பழைய வைஃபை கார்டை டிசேபிள் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் இரண்டிலும் மாறி மாறித் தொங்கும். ப்ளூடூத்தைத் தொட வேண்டாம். அது அதே கார்டில் இருந்தாலும் தனி டிவைஸாகத்தான் காட்டும், உங்கள் ஹெட்செட் வழக்கம்போல ஓடும். இன்னொரு விஷயம்: யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். 2012இலேயே இன்டெல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பேக்கப் எடுக்கும்போது மட்டும் வைஃபை படுத்துவிடுகிறது என்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலே போதும், அல்லது டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைக்கலாம்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் சிப் பெயர் பார்க்காமல் டாங்கிள் வாங்கக் கூடாது. மலிவான பல டாங்கிள்களில் ரியல்டெக் சிப். அவற்றில் சிலவற்றுக்குக் கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தனியே கட்ட வேண்டியிருக்கும். மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7921ஏயு சிப் உள்ளவை கெர்னலிலேயே டிரைவர் வைத்திருப்பவை.

கார்டு மாற்றம் கொஞ்சம் துணிச்சலான வழி, ஆனால் நல்ல வழி. லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தால் 22க்கு 30 மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பலகை தெரியும். அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள், தலையில் பொடிப் பொடியான பித்தளைப் பொத்தான்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு பொத்தான்களை நேர் மேலாகத் தூக்கி எடுத்து, ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கார்டு சாய்வாக எழும்பி வரும். புதியதைச் செருகிப் பொத்தான்களை நேர் கீழாக அழுத்தினால் டிக் என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நெளிந்துவிடும், அந்த ஒயரைத் தனியாக மாற்றுவது பெரிய வேலை. கைப்பழக்கம் இல்லாதவர்கள் கார்டை வாங்கிக்கொண்டு போய் சர்வீஸ் கடையில் போடச் சொல்லலாம். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் கார்டும் கிடைக்கும், போட்டுத் தர ஆளும் கிடைப்பார்.

கார்டு வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் இன்டெல் லேப்டாப்பிலும் ஓடும், ஏஎம்டி லேப்டாப்பிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 பார்க்க அப்படியே இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், ஆனால் பாதி வேலையை இன்டெல் பிராசஸரிடம் ஒப்படைக்கும் வகை. ஏஎம்டி லேப்டாப்பில் போட்டால் ஒன்றுமே நடக்காது, பழைய இன்டெல் லேப்டாப்பிலும் அப்படித்தான். கடைசி எண் 1ஆ 0ஆ என்று பார்த்து வாங்குங்கள். சில பழைய லேப்டாப்புகளின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்), கம்பெனி அனுமதித்த கார்டுகளைத் தவிர மற்றதை ஏற்காது, திறக்கும்போதே எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மெல்லிய சில மாடல்களில் கார்டு மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. உங்கள் மாடல் பெயரைப் போட்டு, அடிமூடி திறக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டால் இது தெரிந்துவிடும்.

டாங்கிளா கார்டா என்று என்னைக் கேட்டால், லேப்டாப்பை இன்னும் மூன்று வருடமாவது வைத்திருக்கப் போகிறீர்கள், அதில் ஒற்றை ஆன்டெனா கார்டு இருக்கிறது, ஆனால் உள்ளே இரண்டு ஒயர் வருகிறது என்றால் கார்டு. ஒரே செலவில் வைஃபை 6, புது ப்ளூடூத் இரண்டும் வரும், வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. மற்ற எல்லோருக்கும் டாங்கிள்.

ஒரு நிலைமையில் மட்டும் கார்டு மாற்றுவது வீண். ரவுட்டர் பக்கத்தில் போனால் நன்றாக எடுக்கிறது, பத்தடி தள்ளி வந்தால் சிக்னல் செத்துவிடுகிறது, திரையை முன்னே பின்னே சாய்த்தால் சிக்னல் கோடு ஏறி இறங்குகிறது. இப்படியென்றால் கோளாறு கார்டில் இல்லை. ஆன்டெனா ஒயர்கள் கீல் வழியாக ஏறித் திரையைச் சுற்றி ஓடுகின்றன. மூடி மூடித் திறந்ததில் கீல் பகுதியில் அறுந்திருக்கலாம். திரையோ பேட்டரியோ மாற்றிய பிறகு இது தொடங்கியது என்றால், கடைக்காரர் பொத்தானைத் திருப்பி மாட்டாமல் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அவரிடமே கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அறுந்திருந்தால் டாங்கிள்தான் சிக்கனம்.

இப்போது போனும் லேப்டாப்பும் சேர்ந்தே தடுமாறும் வீடுகள். ஃபைபர் போட வருபவர் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, வாசல் பக்கத்து மூலையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நம் ஊர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் போவது கஷ்டம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஏறுவது அதைவிடக் கஷ்டம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், டிவியின் முதுகு, ஷோகேஸ் உள்பக்கம் என்று ரவுட்டரை ஒளித்து வைப்பதும் நடக்கிறது. பெட்டியை ஆறடி உயரத்தில், வீட்டின் நடுவாக, திறந்த இடத்துக்கு நகர்த்துவதே முதல் வைத்தியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கம் குறைவாக இருப்பதில் வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மூன்றுமே நெரிசலாகத்தான் இருக்கும். அங்கே பக்கத்து அறைவரை 5 கிகாஹெர்ட்ஸையே பயன்படுத்துங்கள். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்து லேப்டாப் 2.4இலேயே ஒட்டிக்கொண்டால், பெயர்களைப் பிரித்து வைத்தால் தீரும்.

அப்படியும் எட்டாத அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவு ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே மறுபடி சொல்கிறது, ஸ்பீடு பாதியாகும். சிக்னல் செத்த அறைக்குள்ளேயே அதைச் செருகி வைத்தால் அதற்கே சரியாகக் கேட்காது. மின்சார ஒயர் வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் பெட்டிகளும் உண்டு. இரண்டு அறையும் வேறு வேறு ஃபேஸில் இருந்தாலோ நடுவில் இன்வெர்ட்டர் இருந்தாலோ அவை தகராறு செய்யும். மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைத் தருவது) நன்றாக ஓடும், ஆனால் விலை அதிகம், பெட்டிகளுக்கிடையே கேபிள் போட்டால்தான் அதன் முழுப் பலன்.

எப்படியும் கேபிள் போடத்தான் வேண்டும் என்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 போல வேறொன்றாக மாற்றி, டிஹெச்சிபியை (இணையும் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்து, புதிய ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து பழையதன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் இழுங்கள். வான் போர்ட்டில் (வெளி லைனைச் செருகும் துளையில்) செருக வேண்டாம். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு சேனல். தூரத்து அறைக்குத் தனி ரவுட்டர் கிடைத்துவிட்டது, செலவு கேபிளுக்கு மட்டும். போட்ட காசுக்கு இவ்வளவு பலன் தரும் வழி இந்தப் பக்கத்தில் வேறில்லை. பழைய ரவுட்டர் 2.4 மட்டும் என்றால் அந்த அறையில் வேகம் குறைவாகத்தான் இருக்கும், அப்போது டூயல் பேண்டில் சாதாரணமான ஒன்றை வாங்கினால் போதும்.

கடைசியாக சர்வீஸ் கடை. புது கார்டு போட்டும் டிவைஸ் மேனேஜரில் எதுவுமே தெரியவில்லை என்றால் ஸ்லாட்டோ மதர்போர்டோ பழுது. போர்டை இறக்கிச் சரிசெய்ய வேண்டும் என்று நாலாயிரம், ஐயாயிரம் கேட்பார்கள். வைஃபை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஓடுகிறது என்றால் அந்தச் செலவுக்குச் சம்மதிக்காதீர்கள். போர்டில் சூடு வைத்தால் நன்றாக இருந்த பாகமும் கெடலாம். கடையிலேயே ஒரு டாங்கிளைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள், ஓடினால் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.